கீழே, இடது பக்கம்

கீழ, இடது பக்கம். மறுபடியும் கீழ, இடது பக்கம்தான். அஞ்சு தோட்டாவும் ஒரே இடத்துல கூட்டம் போட்டு உக்காந்திருக்கு, அட்டையில வரைஞ்சிருக்கற மனுஷனோட இடுப்புக்கும் கீழ, கறுப்பைத் தாண்டி, வெறும் காயிதத்துல. அஞ்சும் அஞ்சு பக்கம் சிதறியிருந்தாலாவது மனசு ஆறும், புதுத் துப்பாக்கி, கைக்குப் பழகல, இந்தக் கணவாய்க் காத்து வேற ஆளையே தள்ளுதுன்னு எதையாவது சொல்லிக்கிடலாம். ஒரே இடத்துல போய் விழுதுன்னா அது காத்து இல்ல, துப்பாக்கி இல்ல, நான்தான். இசக்கிராஜா ஐயா அட்டைகிட்ட போய் நின்னு ஓட்டையைப் பாக்காரு, திரும்பி என்னையப் பாக்காரு, ஒண்ணும் சொல்லாம அடுத்த அட்டைக்குப் போறாரு. என்னைவிட பதினஞ்சு வயசு சின்னவரு, மீசையே இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு, ஆனா தோள்ல ரெண்டு நட்சத்திரம், அதனால ஐயா. திட்டியிருந்தாத் தேவல. ஏட்டம்மா, கண்ணு போயிட்டா உங்களுக்குன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்தியிருந்தா நானும் உள்ளுக்குள்ள நாலு வார்த்தை திருப்பித் திட்டிட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பேன். இந்த மனுஷன் திட்டவே மாட்டேங்காரு. காலையில இருந்து இதே பாடம்தான் எங்களுக்கு. துப்பாக்கி நுனியில இருக்கற முன்குறியை மட்டும் பாருங்க, அட்டை மங்கலா இருக்கட்டும், கிட்ட இருக்கறது தெளிவா இருந்தாப் போதும், தூரத்துல இருக்கறது தானா வந்து சேரும். ட்ரிகரை இழுக்காதீங்க, அழுத்துங்க, நேரா பின்னால, மெதுவா, எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக்கூடாது, வெடிக்கும்போது நீங்களே திடுக்கிடணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. எப்ப வெடிக்கும்னு தெரியாம எப்படி நிக்கது? பன்னெண்டு வருஷம் அப்படித்தான நின்னேன், அது யாருக்குத் தெரியும். இன்னைக்குப் பத்துக்கு ஏழு கறுப்புக்குள்ள விழணும். விழுந்தா மகளிர் கோர்ட்டு நீதிபதி அம்மாவுக்குப் பாதுகாப்பு வேலை எனக்கு, காலையில போனா சாயங்காலம் வீடு, ராத்திரிக் காவலுக்கு வேற ஆளு. விழலன்னா பழையபடி திருவிழா, ஊர்வலம், மந்திரி வருகை, போன ஊர்ல கல்யாண மண்டபத்துத் தரையில படுக்கை. ஜெமி நாலாங்கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுகுப் பையைக்கூட இறக்காம தெனமும் ஒரே கேள்விதான் கேக்கா, அம்மா இன்னைக்கு நான் எங்க படுக்கணும்.

பக்கத்துல பேச்சித்தாய் சுடுதா. எங்க போலீஸ் குவார்ட்டர்ஸ்லயே மேல்மாடியில இருக்கறவ, ஜெமி பாதி ராத்திரிகள் படுக்கறது அவ வீட்டுலதான். அவ சுடும்போது நான் பின்னால உடைமரத்து நிழல்ல உக்காந்து என் முறைக்குக் காத்திருக்கேன். காதுல பஞ்சு. பஞ்சு வச்சா வெளிச் சத்தம் கொறையுதோ இல்லியோ உள்ள இருக்கற சத்தம் கூடிருது, என் நெஞ்சு அடிக்கது எனக்கே வேற யாரோ கதவைத் தட்டுற மாதிரி கேக்கு. ஒவ்வொரு வெடிக்கும் மலையடிவாரத்துல இருந்து மயிலு பதிலுக்கு அகவுது, ஒண்ணுக்கு ஒண்ணு தப்பாம, அதுக்கு என்ன கோவமோ. அதுக்கும் அங்கிட்டு காத்தாடி எந்திரங்க வரிசையா நின்னு சுத்துது. பழைய ரிவால்வர்ல நான் மோசமில்ல. போன வருஷம் இதே ரேஞ்சுல பத்துக்கு ஒம்பது. ரிவால்வர் ட்ரிகரு மாட்டைக் கயிறு பிடிச்சு இழுக்கற மாதிரி, முரண்டு பிடிக்கும், ஆனா எங்க நிக்கும் எங்க விடும்னு எனக்குத் தெரியும். இந்தப் புதுசு வேற சாதி. முதல் தோட்டாவுக்கு மட்டும் நீளமா, கனமா இழுக்கணும், அப்புறம் தொட்டாலே போகுது. மேல இருக்கற இரும்பு பின்னால வந்து கைமேல அடிச்சுட்டுப் போற மாதிரி இருக்கு, அடிக்கல, ஆனா அடிக்கற மாதிரி இருக்கு. ஒரு வாரமா ஆயுத அறையில தோட்டா இல்லாம வெறுந்துப்பாக்கி பழகினோம். துப்பாக்கி முதுகுல ஒரு ரூவாத் துட்டை வச்சுக்கிட்டு ட்ரிகரை அழுத்தணும், துட்டு விழக்கூடாது. எனக்கு ஒருநாளும் விழல. பேச்சித்தாய் துட்டு நாலு தடவை டங்குன்னு விழுந்துச்சு, அவ சிரிச்சுக்கிட்டே, அக்கா, உங்க கை என்ன சிமெண்டுக் கையான்னு கேட்டா. சிமெண்டுக் கைதான். வெறும் துப்பாக்கின்னா அதுக்குத் தெரியும் ஒண்ணும் வராதுன்னு. வரப்போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்குப் பைத்தியம் பிடிக்கு.

இரும்பு. கையில இரும்பைக் குடுத்தா அடங்கிரும்னு சொல்லுவாக. ரோட்டுல யாராவது வலிப்பு வந்து விழுந்தா நம்ம ஆளுக முதல்ல தேடறது சாவிக்கொத்தைத்தான். ஒருத்தரும் மூச்சு வருதான்னு பாக்கது இல்ல, சாவி, சாவி, இரும்பு இருந்தாக் குடுங்கன்னு கத்துவாக. எங்க கல்யாணத்துக்கு மறுவாரம் எங்க வீட்டுக்காரவுக அடுக்களை வாசல்ல விழுந்தப்போ எங்க மாமியாரு முந்தானையில முடிஞ்சிருந்த அலமாரிச் சாவியை அவிழ்த்து அவுக கையில திணிச்சாக, நான் அப்பதான் முதல்தடவை பாக்கேன், எனக்கு ஒருத்தரும் சொல்லல, செல்வினுக்கு வலிப்பு உண்டுன்னு பொண்ணு பாக்க வந்தப்போ ஒருத்தர் வாயும் திறக்கல. கோவம் வந்துச்சு. பயத்தைவிட அன்னைக்குக் கோவம்தான் பெருசா வந்துச்சு. கண்ணு மேல சொருகி, பல்லு கிட்டி, தலை அந்தச் சிமெண்டுத் தரையில டக்கு டக்குன்னு அடிக்கு, எல்லாரும் சாவியைப் பிடிச்சிருக்கற கையையே பாத்துக்கிட்டு நிக்காக. நான் இடது கையைத் தலைக்குக் கீழ குடுத்தேன். யோசிச்சு இல்ல. அதுவா போச்சு. அப்புறம் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாக, நீ செஞ்சதுதான் சரி, தலைக்குக் கீழ கை, ஒருச்சாய்ச்சுப் படுக்க வை, சாவியெல்லாம் வேண்டாம், அது தானா வரும் தானா போகும். இன்னைக்கு எனக்குக் கையில இரும்பைக் குடுத்திருக்காக, முக்கால் கிலோவுக்கு மேல, எண்ணெய் போட்டு, நம்பர் அடிச்சு, கையெழுத்து வாங்கிட்டு. அடங்கல.

அவுக வண்டி ஓட்டக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாத மனுஷன் பாளையங்கோட்டைக்கெல்லாம் வண்டி சீட்டுத் தச்சுக் குடுத்தாக. ரெக்சின் வாசம், பசை வாசம், வளைஞ்ச ஊசி, வாயில நாலு ஆணி, இடுப்புல கத்திரி, கடைக்குள்ள நுழைஞ்சா பஞ்சு மெத்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி, சுத்திலும் ஸ்பாஞ்சு அடுக்கி வச்சிருப்பாக. காலையில நான் யூனிபார்மோட வண்டி ஓட்டுவேன், அவுக பின்னால உக்காந்து என் தோளைப் பிடிச்சுக்கிடுவாக. சமாதானபுரம் முக்குல டீக்கடைக்காரங்க சிரிப்பாங்க. அவுகளுக்கு வெக்கமே கிடையாது, போலீஸ் பாதுகாப்போட கடைக்குப் போற ஒரே தையக்காரன் இந்த ஜில்லாவுலயே நான்தான்னு அவங்களுக்குக் கையாட்டுவாக. நானும் சிரிப்பேன், ஆனா என் முழு உசுரும் என் தோள்லதான் இருக்கும், அந்தக் கை இறுக்கமா இருக்கா, லேசாகுதா, விரலு தடவுதா. வரப்போகுதுன்னா அவுக கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியில நூலு கோக்கற மாதிரி ஒண்ணை ஒண்ணு தடவும். ரப்பர் கருகுற நாத்தம் வருது பிள்ளன்னு சொல்லுவாக, சில நேரம் சொல்லக்கூட நேரம் இருக்காது. அதுக்குள்ள நான் வண்டியை நிறுத்தி, காலை ஊனி, திரும்பி, இடது கையைக் குடுத்திருக்கணும். குடுத்திருவேன். பன்னெண்டு வருஷத்துல அவுக தலை தரையில பட்டது அந்த முதல்நாள் மட்டும்தான். சாப்பிடும்போது, கோயில்ல முழங்கால் போடும்போது, பிள்ளைக்குக் காது குத்தும்போது, நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாலும் என் இடது கை சும்மாதான் இருக்கும், காலியா, தயாரா. இதைப் பெருமையாச் சொல்லல. சலிச்சும் இருக்கேன். ஒரு கையாலயே எத்தனை நாளு தோசை சுடறதுன்னு அவுககிட்டயே சண்டை போட்டிருக்கேன். நீ பாட்டுக்கு ரெண்டு கையாலயும் சுடு பிள்ள, விழும்போது விழுவேன்னு சிரிப்பாக, அந்தச் சிரிப்புல எனக்கு இன்னும் கோவம் வரும்.

ஏட்டம்மா, வாங்கங்காரு இசக்கிராஜா ஐயா. என் மேகசினை அவரே வாங்கி, முதுகைத் திருப்பிக்கிட்டு, தோட்டாவை அவரே நிரப்புதாரு. அதுல என்ன ரகசியம்னு தெரியல. வாங்கி மாட்டுறேன். நிக்கேன். கால் அகலம் சரி, முட்டி லேசா மடங்கி, ரெண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம். வலது கை சும்மா தாங்கட்டும், இடது கைதான் இறுக்கிப் பிடிக்கணும்னு அவர் சொன்னது ஞாபகம் இருக்கு. முன்குறி தெளிவா இருக்கு. அட்டை மனுஷன் மங்கலா இருக்கான், முகமில்லாத மனுஷன், பயபுள்ளைக்கு மூக்காவது வரைஞ்சிருக்கலாம். மூச்சை விட்டு நிறுத்தி, அழுத்துறேன். வெடிக்கு. மயிலு கத்துது. மறுபடியும் அழுத்துறேன். வெடிக்கு. மூணாவது. ட்ரிகர் பின்னால வருது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வரப்போகுது, இதோ, டிக். அவ்வளவுதான். வெறும் டிக். சத்தம் இல்ல, புகை இல்ல, உதைப்பு இல்ல. ஆனா துப்பாக்கி கீழ போயிருக்கு. என் கண்ணு முன்னால அதோட மூக்கு தரையைப் பாத்துக் குனிஞ்சு, இடது பக்கம் சரிஞ்சு நிக்கு. வெடிக்காத துப்பாக்கியை யாரு தள்ளுனது? இடது கை பிடியை விட்டுட்டு, உள்ளங்கை வானத்தைப் பாக்க, கீழ இறங்கி அப்படியே நிக்கு. தோட்டா நடுவுல ஒரு டம்மியைப் போட்டிருக்காரு, வெடிக்காததை, எனக்குத் தெரியாம. இப்படித்தான் கண்டுபிடிப்பாங்களாம், வெடிச்சா அந்தச் சத்தத்துல எல்லாத் தப்பும் மறைஞ்சிரும், வெடிக்கலன்னாத்தான் கை என்ன செய்யுதுன்னு வெளிச்சமாத் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தாப் பரவாயில்ல. பேச்சித்தாய் பாக்கா. அடுத்த முறைக்கு நிக்கற நாலு பேரும் பாக்காங்க. இசக்கிராஜா ஐயா குனிஞ்சு என் கையையே பாக்காரு, கேலியா இல்ல, நிசமாவே புரியாத மாதிரி.

"எல்லாருக்கும் கை கீழ போகும் ஏட்டம்மா, அது பயம், அது எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்கு விரல் விரிஞ்சு உள்ளங்கை மேல திரும்புது. இந்தக் கை எதைப் பிடிக்கப் போகுது?"

தெரியல ஐயான்னு சொன்னேன்னு நினைக்கேன். பத்து நிமிஷம் உக்காருங்க, அடுத்து நேரா பரீச்சைதான், இடது கையை மட்டும் இறுக்கிக்கோங்க, வேற ஒரு குறையும் உங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டுப் போறாரு. உடைமரத்துக்கடியில உக்காந்து மடியில கையை வச்சுப் பாக்கேன். சனியனே. உன்னைய யாரு கூப்பிட்டா. இது எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். போன மாசம் ரேஷன் கடை வரிசையில முன்னால நின்ன பெரியவரு கீழ விழுந்த கார்டை எடுக்கக் குனிஞ்சாரு, அவ்வளவுதான், நான் பாஞ்சு அவரு மண்டையை உள்ளங்கையில பிடிச்சுக்கிட்டேன். அவரு நிமிர்ந்து, ஏம்மா, நான் என்ன திருடினேன்னாரு. யூனிபார்ம்ல வேற இருந்தேன். வரிசையே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து குளிமுறியில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். பக்கத்து வீட்டுல டம்ளர் விழுந்தா இந்தக் கை போகுது, பஸ் பிரேக் போட்டாப் போகுது. அவுக இருந்தவரைக்கும் இந்தக் கைக்கு ஒரு கணக்கு இருந்துச்சு, ரேஞ்சுக்கு வந்தா ரேஞ்சு வேலை, வீட்டுக்குப் போனா வீட்டு வேலை. யாருக்காக நிக்கோம்னு அதுக்குத் தெரியும், அதனால மத்த இடத்துல நிம்மதியா இருந்துச்சு. இப்ப எங்க போய் நிக்கதுன்னு தெரியாம எல்லா இடத்துலயும் தேடுது. புதுத் துப்பாக்கி பாவம், அது மேல பழியைப் போட்டுக்கிட்டிருந்தேன்.

போன மழையில. மந்திரி வாராருன்னு என்னைய நாலுவழிச் சாலையில நிறுத்தியிருந்தாக, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பாத்து. வாரது கார் ஊர்வலம், எனக்குத் தெரியறது அருகம்புல்லும் ஒரு செவத்தப் பசுவும்தான். அந்த நேரத்துலதான். அவுக மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கடையில உக்காந்து தச்சிருக்காக, கையில ஊசி, புதுசா வந்த ஸ்பாஞ்சு ஷீட்டு முன்னால விரிச்சுக் கெடந்திருக்கு. அது மேலதான் விழுந்திருக்காக. அந்தக் கடையைப் பத்தி அவுகளுக்கு ஒரு பெருமை உண்டு, உலகத்துலயே நான் விழறதுக்குத் தோதான இடம் இதுதான் பிள்ள, எந்தப் பக்கம் விழுந்தாலும் மெத்தைன்னு சொல்லுவாக, அதை நம்பித்தான் பகல்ல நான் நிம்மதியா வேலைக்குப் போனேன். குப்புற விழுந்தாக. ஸ்பாஞ்சு முகத்தை வாங்கிக்கிட்டு விடல. எழுப்ப ஆளில்ல, பக்கத்துக் கடைக்காரரு டீ வந்துருக்குன்னு கூப்பிட வந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில உடம்பைக் குடுக்கும்போது அந்த டாக்டரு என் யூனிபார்மைப் பாத்து, ஆறுதலாத்தான், எனக்கு நல்லது சொல்லணும்னுதான் சொன்னாரு, தலையில ஒரு கீறல்கூட இல்லம்மா. தலையில ஒரு கீறல்கூட இல்ல. தலையைத்தானய்யா இத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டிருந்தேன். மூச்சைப் பிடிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலியே. எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக்கூடாதுங்காரு இந்தப் பையன். தெரியல. பன்னெண்டு வருஷம் கையை நீட்டிக்கிட்டு நின்ன எனக்கே தெரியல, நான் பசு மாட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இப்ப இந்தக் கையைத் திருத்தணும். திருத்தினா ஏழு விழும், ஏழு விழுந்தா ராத்திரி வீடு, ஜெமி தலையணைக்குப் பக்கத்துல என் தலையணை. பேச்சித்தாய் வீட்டுல அவ நல்லாத்தான் இருக்கா, குறை சொல்லக்கூடாது, ஆனா விடியக்காலம் முழிச்சு, எங்க அம்மா டியூட்டியில செத்துருக்குமான்னு பேச்சித்தாய்கிட்ட கேட்டிருக்கா. டியூட்டின்னா அவளுக்கு அதுதான் அர்த்தம், அம்மா டியூட்டிக்குப் போனா யாரோ சாவாக. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதுதானே. ஆனா ஒண்ணு இருக்கு, இதை யாருகிட்டச் சொல்ல. அவுக சட்டையெல்லாம் எங்க கொழுந்தனாருக்குக் குடுத்தாச்சு. கடையைக் காலி பண்ணியாச்சு, தையல் மிஷின் போயிட்டு, ரெக்சின் வாசம் வீட்டுல இருந்து எப்பமோ போயிட்டு. போட்டோ இருக்கு, போட்டோவுல இருக்கறவுக கல்யாண மாப்பிள்ளை, அவுகளை எனக்கு அவ்வளவாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச செல்வினுக்காக இன்னும் வேலை பாக்கறது இந்தக் கை ஒண்ணுதான். அதுக்கு ஒருத்தரும் போய்ச் சேதி சொல்லல. அவுக எங்கயோ சரியப்போறாகன்னு அது இன்னும் நம்பிக்கிட்டு அலையுது. அந்தக் கையைப் பிடிச்சு இறுக்கி, இனி நீ போகாதன்னு நானே எப்படிச் சொல்ல.

விசில் ஊதியாச்சு. பரீச்சை. அதிகாரி ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருக்காரு, எனக்கு அவரு முகம் ஞாபகம் இல்ல. பத்துத் தோட்டா. கோட்டுல போய் நிக்கேன், பேச்சித்தாய் ரெண்டு இடம் தள்ளி நின்னு என்னையப் பாத்து நாடியை ஆட்டுதா, தைரியமா இருங்கன்னு. துப்பாக்கியை நீட்டுறேன். வலது கை பிடிச்சாச்சு. இடது கையை அதுமேல சுத்தி வைக்கணும். வைக்கும்போதுதான் அது தோணுச்சு, யாரும் சொல்லித்தரல. போகாதன்னு எதுக்குச் சொல்லணும்? நீ போய்ச் சேந்துட்டன்னு சொன்னா என்ன. அவுக தலை இங்கதான் இருக்கு, ஏற்கெனவே உன் கையிலதான் இருக்கு, வந்தது வந்தாச்சு, இப்ப நீ போய்ப் பிடிக்க வேண்டியதில்ல, பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். வலிப்பு நடக்கும்போது தலையைத் தூக்கவும் கூடாது அமுக்கவும் கூடாது, அது ஆடற ஆட்டத்துக்கு விட்டுக் கீழ கையை மட்டும் விடாம வச்சிருக்கணும், அது தானா வரும் தானா போகும். கையை அப்படி வைக்கேன். பிடரியில கத்தரிச்ச முடி உள்ளங்கையில குத்துது, துப்பாக்கிப் பிடியோட சொரசொரப்புத்தான், எனக்குத் தெரியும், ஆனா குத்துறது பிடரி முடி. வேர்வைச் சூடு. கனம்கூட அந்தக் கனம்தான். முன்குறி தெளிவா இருக்கு. தூரத்துல இருக்கறது மங்கலா இருக்கட்டும். அழுத்துறேன். எப்ப வெடிச்சுதுன்னு எனக்குத் தெரியல. திடுக்குன்னு இருக்கு, கை துள்ளுது, துள்ளி அதே இடத்துக்கு வருது. ஆச்சு, ஆச்சுன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிடுதேன், அவுகளுக்குச் சொல்லுவேன்ல அப்படி, ஆச்சு, முடிஞ்சிரும், நான் இருக்கேன். மறுபடியும் அழுத்துறேன். துள்ளுது. ஆச்சு. மயிலு கத்துதா இல்லியா தெரியல. கண்ணுல தண்ணி முட்டி அட்டை இன்னும் மங்குது, முன்குறி மட்டும் அந்தத் தண்ணிக்குள்ள ஒரு கறுப்பு மூக்கு மாதிரி நேரா நிக்கு. ஆச்சு. ஆச்சு. எத்தனை போச்சுன்னு எண்ணல. மேல இருக்கற இரும்பு பின்னால போய் அங்கயே நின்னப்போதான் தோட்டா தீந்துட்டுன்னு தெரிஞ்சுச்சு.

கறுப்புக்குள்ள எட்டு. பேச்சித்தாய் ஓடியாந்து இடுப்பைக் கட்டிக்கிடுதா, அக்கா, ஜெமிக்கு முட்டாய் வாங்கணும்ங்கா. நாற்காலி அதிகாரி என்னமோ எழுதிக்கிட்டு அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லுதாரு. இசக்கிராஜா ஐயாவுக்கு என்னைவிடச் சந்தோஷம், பரீச்சை எல்லாருக்கும் முடிஞ்ச பிற்பாடு, ஏட்டம்மா ஒரு நிமிஷம்னு சொல்லி, பழக்கத் தோட்டா மிச்சத்துல ஒரு மேகசின் நிரப்பித் தாராரு, முதுகைத் திருப்பிக்கிட்டு. எனக்குத் தெரியும் உள்ள என்ன இருக்குன்னு, எத்தனையாவதுன்னுதான் தெரியாது. வேண்டாம் ஐயான்னு சொல்லியிருக்கணும். தேறியாச்சுல்ல, இனி எதுக்கு. அவரு ஆசையா நிக்காரு, சின்னப் பிள்ளை சோதனை செஞ்சு பாக்கற மாதிரி. வாங்கி மாட்டுறேன். நீட்டுறேன். அழுத்துறேன், வெடிக்கு. அழுத்துறேன், வெடிக்கு. அழுத்துறேன், டிக்.

துப்பாக்கி அசையல. முன்குறி ஆணி அடிச்ச மாதிரி அட்டை மனுஷன் நெஞ்சுல நிக்கு. இடது கை இருந்த இடத்துலயே இருக்கு, விரல் விரியல, திரும்பல. "பாத்தீங்களா ஏட்டம்மா, போயிட்டு"ங்காரு, குரல்ல அவ்வளவு சந்தோஷம். "போயிட்டு ஐயா"ன்னேன். அதுக்குள்ள எல்லாரும் காலித் தோட்டா பொறுக்கக் குனிஞ்சாச்சு, சுட்ட கணக்குக்கு வெறுங்கூடு எண்ணித் திருப்பிக் குடுக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது, சின்னவரு பெரியவரு வித்தியாசமில்லாம மண்ணுல உக்காந்து புல்லை விலக்கித் தேடுவாங்க. நானும் குத்தவச்சு உக்காந்தேன். மேல் இரும்பை இழுத்து நான் வெளிய தள்ளுன டம்மி மணல்ல கெடந்துச்சு, வெடிக்காம, கருகாம, முழுசா. ஜெமி சாயங்காலம் கேட்டா சொல்லிரலாம், நம்ம வீட்டுலதான் பிள்ள, இனி எந்நாளும் நம்ம வீட்டுலதான். அவ சிரிப்பா. பையை இறக்கி வைப்பா. அது போதும்னு எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். எனக்கு எதிர்ல பேச்சித்தாய் ஒரு கூட்டைப் பொறுக்க எட்டுதா, கால் இடறித் தலை முன்னால சாயுது, மணல்ல முகம் குத்தி, ச்சேன்னு எழுந்து துடைச்சுக்கிட்டுச் சிரிக்கா. பக்கத்துலதான் இருந்தேன், கை எட்டற தூரம். இடது கை என் முட்டிமேல சும்மா கெடக்கு. போ, ஒரே ஒரு தடவை போன்னு அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், போகல. இனி அவுக விழுந்தா பிடிக்க ஆளில்ல.